நெல்லு மூட்டைகளுக்கு நடுவே ஆறு பெட்டிகள்

என் கணவர் கொழும்புக்குப் போனது முன்பல் இரண்டு கட்டுவதற்கு. உழவு இயந்திரத்தைக் கைபிடி சுற்றி இயக்கும்போது அது திருப்பி அடித்துப் போன பற்கள் அவை. மூன்று நாள் கழித்து முத்தையன்கட்டுச் சந்தியில் பேருந்திலிருந்து இறங்கினார். பல் கட்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட மேசை அளவில் ஒரு அட்டைப் பெட்டி அவரோடு இறங்கியது. நடத்துனரும் இன்னும் இரண்டு பேரும் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவர் அந்த ஓட்டைப் பல்லோடு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

"பல்லு எங்க?" என்றேன்.

"பல்லுக்கு என்ன அவசரம்? நான் ஆரையும் கடிக்கப் போறேல்ல. இதைப் பாரும்."

சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு கண்டி வீதிப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய் வருவது அப்போதுதான் சாதாரண விஷயமாக மாறிக்கொண்டிருந்தது. போனவர்கள் எல்லோரும் எதையாவது கொண்டுவந்தார்கள். சவர்க்காரம், சூரிய மின்தகடு, பிளாஸ்ரிக் கதிரை. என் கணவர் கொண்டுவந்தது ஹோம் தியேட்டர். ஐந்து சின்ன ஸ்பீக்கர், பாஸ் சத்தத்துக்கென்று ஒரு பெரிய பெட்டி, படத்தட்டுப் போடும் மெசின் ஒன்று, சுருள் சுருளாக வயர்.

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அந்த வயர்ச் சுருள்களைப் பார்த்த சிப்பாய் பெட்டி முழுவதையும் பிரிக்கச் சொல்லியிருக்கிறான். என் கணவருக்குச் சிங்களம் பத்துச் சொல்தான் தெரியும். அதனால் ஸ்பீக்கர்களை அவனைச் சுற்றித் தரையில் வைத்து, வாயால் ஒரு தேனீ போலச் சத்தம் போட்டுக்கொண்டு அவன் தலையைச் சுற்றி நடந்து காட்டியிருக்கிறார். "முதல்ல ஹெலிகொப்ரர் மாதிரித்தான் செய்வமெண்டு யோசிச்சனான். பிறகு, இடம் சரியில்லையெண்டு தேனீயாக்கிப்போட்டன்" என்றார். சிப்பாய் சிரித்து, தானே பெட்டியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தானாம்.

தேனீ அவருடைய கற்பனை இல்லை. பல் வைத்தியரிடம் போகிற வழியில் மழைக்கு ஒரு கடையில் ஒதுங்கியிருக்கிறார். உள்ளே ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தலைக்குப் பின்னால் தேனீ ஒன்று ரீங்கரித்தது. கையால் விரட்டப் பார்த்தார். கடைக்காரப் பெடியன்கள் சிரித்தார்கள். "எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா நிண்டு திரும்பவும் ஒருக்காக் கேட்டனான்" என்றார். மழை விட்டபிறகும் அவர் வெளியே வரவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அருகிலுள்ள பாடசாலையில் கணித ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வந்து, வேலை கிடைத்து, முத்தையன்கட்டுக் குளத்துக் காணியில் வயல் செய்த இவரைக் கல்யாணம் கட்டி அங்கேயே நின்றுவிட்டவள். எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேற்றர் ஒன்றும் ஒரு ரிவியும் இருந்தன. சீமெந்துக் கல் சுவர், தகரக் கூரை, முன் அறையில் பாதிவரை காலபோக நெல் மூட்டை. இந்த வீட்டில் எந்தத் தியேட்டரை வைப்பது?

அவர் வைத்தார். ஐந்து ஸ்பீக்கரையும், ஆட்கள் தொடாமல் இருக்கவேண்டுமென்று, கூரைக்குக் கீழே ஒரே சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினார். பாஸ் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றினார். விளக்கப் புத்தகத்தை நான் கையில் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, ரெண்டு பெட்டி பின்னுக்கு வரவேணுமெண்டு போட்டிருக்கு."

"பின்னுக்கு வச்சா சனம் எப்பிடிப் பாக்கிறது? ஆறு பெட்டி இருக்கெண்டு தெரிய வேண்டாமே?"

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு முதல் காட்சி. குளத்தின் இடதுகரையிலிருந்தும் வலதுகரையிலிருந்தும் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேற்றர் இடிக்க, உள்ளே படம் தொடங்கியது. கதாநாயகன் திரையில் வாயைத் திறந்தான். பேச்சு கூரையிலிருந்து வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சண்டை தொடங்கியதும் பாஸ் பெட்டி உறுமியது. தகரம் முழுவதும் கடகடவென்று ஆடியது. குசினியில் அலுமினியச் சட்டிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. கடைசியில் அலுமாரிக் கதவு தானாகத் திறந்து, என் சேலைகள் ஒவ்வொன்றாக வழுக்கி, முன் வரிசையில் இருந்தவர்களின் மடியில் விழுந்தன.

பக்கத்து வளவு அக்கா எங்கள் வீட்டுக்கு மிகவும் வேண்டியவர். எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாதவர். அவர்தான் எழுந்து சொன்னார்: "தம்பி, படம் நல்ல வடிவாத்தான் இருக்கு. இந்தச் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாப்பமே?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். ஆனால் சனம் போன பிறகு ஒரு படுக்கை விரிப்பை எடுத்து, ரிவியையும் மெசினையும் மூடிக் கட்டினார். இரண்டு வாரம் அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் பேசாமல் வயலுக்குப் போய்வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மனிசன் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சாமான் அதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நாட்களில் பரீட்சைத் தாள் திருத்துவதற்கு முள்ளியவளைக்குப் போயிருந்தேன். தேநீர் இடைவேளையில் எங்கள் கூரை பேசிய கதையைச் சொல்லிச் சிரிக்க, அங்கே ஒரு ஆசிரியை, "இஞ்ச பக்கத்தில, தண்ணீரூற்றில, ஸ்பீக்கர் நானா திரும்பி வந்திட்டார். அவரைக் கேளுங்கோவன்" என்றார்.

தொண்ணூறுக்கு முன்பு அந்தப் பகுதியில் கோயில் திருவிழாவானாலும் கல்யாண வீடானாலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தானாம். முஸ்லிம் அண்ணாமாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறில் இயக்கத்தின் உத்தரவில் அந்த ஊர் முஸ்லிம் சனம் எல்லோரும் உடுத்த உடுப்போடு வெளியேற வேண்டி வந்தது. அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தார். இப்போது மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, தான் மட்டும் முதலில் வந்து, இடிந்த கடையின் பாதிச் சுவரில் தகரம் சாய்த்து, றேடியோவும் ரோச் லைற்றும் திருத்திக்கொண்டிருந்தார்.

போய்ப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த மனிதர். காதில் பென்சில். நான் எங்கள் பெட்டிகளின் பெயர், எண் எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை அவர் பார்க்கவேயில்லை.

"வீட்டுக்குக் கூரை என்ன, ரீச்சர்?"

"தகரம்."

"தரை?"

"சீமெந்து."

"நீங்க எங்க குந்தியிருந்து படம் பாக்கிறீங்க?"

"அது... எல்லா இடத்திலயும்தான்."

அவர் தலையை ஆட்டினார். "ஸ்பீக்கரை எங்க வைக்கிறதெண்டு எல்லாரும் கேப்பாங்க. ஆள் எங்க இருக்கிறதெண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. முதல்ல ஒரு கதிரையை வைங்க. மிச்சம் எல்லாம் அந்தக் கதிரைக்குத்தான்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "ஒண்டு சொல்லோணும். இந்தச் சாமான நான் கண்ணால கண்டதில்ல. கோயிலில கூம்பு ஸ்பீக்கர் கட்டினவன் நான். ஆனா சத்தம் சத்தம்தானே. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கே சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார். அத்தனை தூரம். சைக்கிள் கரியரில் ஒரு உரப்பை. அதற்குள் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீளக் கயிறு, பழைய சைக்கிள் ரியூப் துண்டுகள், குறடு. என் கணவர் முகம் கொடுக்காமல் மாட்டைக் கட்டுகிற சாட்டில் பின்வளவில் நின்றார். நான் ஆள் கூப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

நானா படுக்கை விரிப்பை அவிழ்க்கவில்லை. அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினார். பிறகு ஒவ்வொரு மூலையாகப் போய்த் தட்டினார். வாசல் பக்கச் சுவரில் தட்டியபோது சத்தம் 'டங்' என்று திரும்பி வந்தது. நெல் மூட்டைப் பக்கம் தட்டியபோது சத்தம் போன இடம் தெரியவில்லை.

"இந்த மூட்டையள ஆர் இதில வச்சது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டாரே என்று, "நாளைக்கே எடுத்திடுவம் நானா" என்றேன்.

"எடுத்தீங்கெண்டா நான் இப்பவே சைக்கிளை எடுத்திடுவன். கொழும்புத் தியேட்டருகள்ல சுவருக்குத் துணி அடிச்சு வச்சிருக்கிறதே இதுக்குத்தான். உங்களுக்கு நெல்லு அந்த வேலையச் செய்யிது. அந்த வெறுஞ் சுவருக்கும் ஒரு வரிசை அடுக்குங்க."

பின்வளவில் நின்றவர் இதைக் கேட்டுவிட்டார். மூட்டைகளை வைத்தவர் அவர்தான். மூன்று மாதமாக என்னிடம் அதற்குப் பேச்சு வாங்கியவர். உள்ளே வந்து, ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி, "எதில வைக்க, நானா?" என்றார். அந்தக் குரலில் இருந்த வெற்றியை நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. ஸ்பீக்கர்கள் கூரையிலிருந்து இறங்கின. நடுவில் என் கதிரை. அதில் இருக்கும் ஆளின் காது உயரத்துக்கு மூட்டைகளை அடுக்கி, பலகை வைத்து, முன் ஸ்பீக்கர் இரண்டு. கதிரைக்குப் பின்னால் மணல் வாளிகளில் பனஞ்சலாகை நட்டு அதில் இரண்டு. பேச்சுச் சத்தம் வருகிற ஸ்பீக்கர் ரிவிக்குக் கீழே. "வாய் எங்க இருக்கோ, குரலும் அங்கயிருந்துதான் வரோணும்" என்றார் நானா.

பிறகு கயிறு. ஒரு முனையை நான் கதிரையிலிருந்து மூக்கோடு பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அவர் கொண்டுபோய் முடிச்சு எண்ணினார். முன்னால் பதினொரு அடி. பின்னால் ஆறடி. மெசின் மீற்றரில் கேட்டது. நான் சுண்ணக்கட்டி எடுத்துவந்து சீமெந்துத் தரையிலேயே கணக்குப் போட்டேன். இந்த இடத்தில் விளக்கப் புத்தகம் என்ன சொல்கிறது என்று எனக்குத் திடீரென்று பிடிபட்டது. பின் ஸ்பீக்கர் கிட்ட இருப்பதால் அதன் சத்தம் முதலில் வந்து சேர்ந்துவிடும். தூரத்தைச் சொல்லிக் கொடுத்தால், மெசின் அதைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கும். ஐந்து சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும். தரையில் படம் கீறி இருவருக்கும் வகுப்பெடுத்தேன்.

"அப்ப, கிட்ட இருக்கிறவர் தூர இருக்கிறவருக்காகப் பொறுத்து நிக்கோணும்" என்றார் என் கணவர்.

"அல்லாஹ், பதினைஞ்சு வருசம் நான் இதக் காதால செய்தனான். கணக்கில இருக்கெண்டு இப்பதான் தெரியுது" என்று நானா தரையில் குந்தியிருந்து என் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது அளவு பார்க்கும் சத்தம். மெசினில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் முறைவைத்து ஒரு இரைச்சல் வரும். ஐந்தும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தினோம். இடப்பக்க மூலையில் 'ஸ்ஸ்ஸ்' என்றது.

"பாம்பு!"

பக்கத்து வளவு அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தவர், கையில் கிடைத்த தடியோடு எங்கள் வாசலுக்குள் பாய்ந்து வந்துவிட்டார். "அசையாதேங்கோ! மூட்டைக்குள்ளதான் கிடக்குது!" அவர் இடப்பக்க மூட்டையில் ஓங்கி ஒன்று போட்டார். சத்தம் ரிவிக்குக் கீழே போனது. "அந்தா, அங்கால போட்டுது!" அங்கே போனார். அது வலப்பக்கம் போனது. பிறகு அவருக்குப் பின்னால் போனது. அக்கா ஒரு சுற்றுச் சுற்றினார். "ஐயோ, ஒண்டில்லை, அஞ்சாறு கிடக்குது!" நானா ஓடிப்போய்த் தடியைப் பிடித்துக்கொள்ள, என் கணவர் மூட்டைமேல் விழுந்து கிடந்து சிரித்தார். கொழும்பிலிருந்து வந்திறங்கிய நாளுக்குப் பிறகு அந்த ஓட்டைப் பல் முழுவதும் தெரிய அவர் சிரித்தது அன்றுதான்.

அக்காவுக்கு நடந்ததை விளங்கப்படுத்த, அவர் கோபப்படாமல் என் கதிரையில் போய் உட்கார்ந்தார். "எங்க, திரும்பப் போடு பாப்பம்." இரைச்சல் ஒரு சுற்று வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஐந்தும் சமம் என்று முடிவு செய்திருந்தோம்.

"பின்னுக்கு, வலக்கைப் பக்கத்துக்காரன் கொஞ்சம் மெல்லமாக் கதைக்கிறான்" என்றார் அக்கா.

ஒரு புள்ளி கூட்டினோம்.

"இப்ப கூடிப்போச்சு."

நானா அவருக்குத் தெரியாமல் அரைப் புள்ளி குறைத்தார். "இப்ப சரி" என்றார் அக்கா. நானா வேண்டுமென்றே வேறொரு ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தார். அக்கா பிடித்துவிட்டார். எங்கள் ஒருவருக்கும் தெரியாத வித்தியாசம் அது.

"எப்பிடியக்கா இது?" என்றேன்.

"இருபது வருசமா வயலுக்கு யானை வருதோ, வந்தா எந்தப் பக்கத்தால வருதோ எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறன். எனக்கு இதென்ன?" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அளவு பார்க்கும் பொறுப்பு அவருடையது. நானாவே கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொல்லுங்க தாயே" என்று நின்றார்.

மத்தியானம், ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் குளத்துத் திலாப்பியாவில் குழம்பு. நானாவுக்கு இறைச்சி சமைத்தால் சங்கடப்படுவாரோ என்று மீனாகவே செய்திருந்தேன். கை கழுவியபின், "மேற்கு எந்தப் பக்கம், ரீச்சர்?" என்று கேட்டார். நெல் மூட்டைப் பக்கத்தைக் காட்டி, பாய் எடுத்துக் கொடுத்தேன். வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. என் கணவர் யாரும் சொல்லாமல் போய் அதை நிறுத்திவிட்டு வந்து, வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நானா தொழுது முடிக்கும்வரை வீடு அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில்தான் எங்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. ஜெனரேற்றர் நிற்கவேண்டிய இடம் ஜன்னலடி இல்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் வைப்போம் என்றார் என் கணவர். "நெருப்புப் பிடிச்சா படம் நல்லாத் தெரியும்" என்றார் நானா. அக்காதான் பின்வளவைக் காட்டினார். அங்கே எங்கள் பழைய பங்கர் இருந்தது. மேலே போட்டிருந்த மரக்குற்றிகளை, சண்டை நின்றதும் எடுத்து மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டுவிட்டோம். மிஞ்சியது இடுப்பளவுக் குழியும் சுற்றிவர மண் மூட்டைகளும். ஜெனரேற்றரை அதற்குள் இறக்கினோம். புகை மேலே போனது. சத்தம் மண்ணுக்குள் போனது. எத்தனையோ நாள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருந்த குழி அது. இப்போது படம் பார்ப்பதற்கு மின்சாரம் தருகிறது என்று நினைக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் கணவர் மண் மூட்டையைத் தட்டிக் கொடுத்து, "இனி உனக்கு இதுதான் வேலை" என்றார்.

மிஞ்சியது பாஸ் பெட்டி. அதற்கு நானா சொன்ன வழியைக் கேட்டு முதலில் நாங்கள் நம்பவில்லை. பெட்டியை என் கதிரையில் ஏற்றி வைத்தார். தாளம் வருகிற ஒரு பாட்டைப் போடச் சொன்னார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நான்கு காலில் சுவரோரமாகத் தவழத் தொடங்கினார். "இப்ப பெட்டிதான் மனிசன். நாங்கதான் பெட்டி. எந்த இடத்தில எங்கட காதுக்குப் பதமாக் கேக்குதோ, அந்த இடத்தில பெட்டியை வைச்சா, கதிரையில இருக்கிறவருக்கும் அப்பிடியே கேக்கும்."

என் கணவரும் பின்னால் தவழ்ந்தார். "நீரும் வாரும்" என்றார் என்னிடம். பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு நானும் தவழ்ந்தேன். அதுவரை கேள்விப்படாத ஒன்றை அன்று கண்டேன். ஒரே அறையில், ஒரு இடத்தில் தாளம் வயிற்றை முட்டுகிறது. இரண்டு முழம் தள்ளினால் அங்கே தாளமே இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் குடத்துக்குள் பேசுவதுபோல் வீங்கிக் கேட்கிறது. குசினி வாசலுக்கும் மூட்டைக்கும் நடுவில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். தலைகள் முட்டிக்கொண்டன. "இதுதான்" என்றோம். கதிரைப் பக்கம் நின்ற அக்கா, "மூண்டு பேருக்கும் பேதி குடுத்தது மாதிரிக் கிடக்கு" என்றார்.

தகரத்தின் கடகடப்பை நிறுத்துவது என் கணவரின் பங்கு. கூரையில் ஏறி, நானா கீழிருந்து பாஸ் சத்தம் கொடுக்கக் கொடுக்க, எந்த ஆணி ஆடுகிறதென்று கையால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து இறுக்கினார். அவர் இறங்கி வரும்போது நாலு மணி.

இப்போது யார் கதிரையில் இருப்பது என்று கேள்வி வந்தது. "ரீச்சர்தான். கணக்கு அவட" என்றார் நானா. நான் மறுத்துப் பார்த்தேன். என் கணவரே கையைப் பிடித்து உட்கார்த்தினார்.

அன்று போட்ட படம் எதுவென்று நினைவில்லை. காட்சி நினைவிருக்கிறது. ஒரு காட்டுப் பாதையில் ஒரு பெண் நடக்கிறாள். அவள் பேசியது அவள் வாயிலிருந்தே வந்தது. இடப்பக்கம் எங்கோ ஒரு குயில். பின்னால் சருகில் யாரோ கால் வைக்கும் சத்தம். எனக்கு உடம்பு ஒரு தரம் இறுகியது. அந்த நாட்களில் எங்கள் எல்லோருடைய காதும் ஒரு கணக்குப் பழகியிருந்தது. ஒரு சத்தம் கேட்டால் எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் ஓடுவது. அந்தக் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். இப்போது சத்தம் என்னைச் சுற்றி நாலு பக்கமும் வந்தது. திசையும் தூரமும் துல்லியமாகத் தெரிந்தன. ஓடவேண்டியிருக்கவில்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். தோள் தானாக இறங்கியது. பின்னால் நின்ற கணவரிடம் திரும்பிப் பார்க்காமலே, "உங்கட தேனீ எனக்கு விளங்கீட்டுது" என்றேன். அவர் கதிரையின் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்.

திரையில் இடி இடித்து மழை தொடங்கியது. முதலில் பின்னால் நாலைந்து துளி, பிறகு எல்லாப் பக்கமும்.

"ஐயோ என்ர நெல்லு!" என்று அக்கா எழுந்து ஓடினார்.

யாரும் தடுக்க முதல் வேலி தாண்டிவிட்டார். ஜன்னலால் பார்த்தோம். நல்ல வெயில். அந்த வெயிலில் அக்கா காய்ந்த நெல்லை இரண்டு கையாலும் சாக்குக்குள் அள்ளிக்கொண்டிருந்தார். பாதி அள்ளியபின்தான் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு ஐந்து ஸ்பீக்கருக்கும் மேலால் கேட்டது. ஐந்துக்கும் அளவு வைத்த காது அது.

அடுத்த சனிக்கிழமை காட்சிக்கு, போன தடவை சிரித்துவிட்டுப் போன அத்தனை பேரும் வந்தார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் ஹோம் தியேட்டர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. பல வீடுகளில் அவை எங்கள் வீட்டைப் போலவே கூரையோடு ஒட்டித் தொங்கின. ஒட்டுசுட்டானில் ஒரு வீடு, மல்லாவியில் இரண்டு, ஒருமுறை பளையில் ஒரு கல்யாண வீடு. நானா கயிறு கொண்டுவருவார். நான் சுண்ணக்கட்டி கொண்டுபோவேன். அக்கா கையை வீசிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். என் கணவர் கூரை ஏறுவார். அடுத்த வருடம் அவர் பல்லும் கட்டிக்கொண்டார், வவுனியாவில். போகும்போது நானும் கூடப் போனேன், வழியில் மழைக்கு எந்தக் கடைக்குள்ளும் ஒதுங்காமல் பார்த்துக்கொள்ள.

அந்தப் பெட்டிகள் இன்று எங்களிடம் இல்லை. இரண்டாயிரத்தெட்டில் சண்டை திரும்ப எங்களை நெருங்கி, ஊரைவிட்டுக் கிளம்பியபோது உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் நெல்லும் சட்டிபானையும்தான் ஏறின. நாங்கள் நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கதைக்கு அது போதும்.

சொல்ல விரும்புகிற இன்னொரு நாள் இருக்கிறது. இரண்டாயிரத்து நான்கு, பள்ளிக்கூட விடுமுறை. நானா தன் மனைவியைப் புத்தளத்திலிருந்து கூட்டிவந்திருந்தார். திரும்பி வந்து குடியிருப்பதா வேண்டாமா என்று பார்த்துப் போவதற்கு அந்த அம்மா வந்திருந்தார். தண்ணீரூற்றில் இடிந்த தங்கள் வீட்டைப் பார்த்து அழுதுவிட்டு, நானா வற்புறுத்தியதால் எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதிகம் பேசாமல் இருந்தார். தேநீர் குடித்தார். நாங்கள் நடுக் கதிரையில் உட்கார வைத்து, எங்களிடம் இருந்ததிலேயே பெரிய சண்டைப் படத்தைப் போட்டோம். நானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைவண்ணத்தை மனைவி கேட்கவேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை.

முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே அந்த அம்மா தூங்கிவிட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல ஆழ்ந்த தூக்கம். சுற்றிவரக் கார்கள் மோதின, கண்ணாடி நொறுங்கியது. அவர் அசையவில்லை.

என் கணவர் சத்தத்தைக் குறைக்கப் போனார். நானா அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க தம்பி. இந்தப் பதினாலு வருசமும் நித்திரை வருகுதில்ல, நித்திரை வருகுதில்ல எண்டு சொன்ன மனிசி."

"குறைச்சா முழிச்சிடுவா" என்று அக்காவும் சொன்னார். "கூட்டவும் வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்."

நாங்கள் நாலு பேரும் மூட்டைகளில் சாய்ந்துகொண்டு, ஒருவரோடொருவர் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, அந்தப் பெருஞ் சண்டையை முழுச் சத்தத்தில் கடைசிவரை பார்த்தோம்.